பின்சீட்டுக்காக

காரின் பின்பக்கத்திலிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தியதும் மகள் கேட்டாள்: "ஏம்ப்பா இது மட்டும் குட்டையா இருக்கு?"

இரண்டு விரல் உயரம் குறைவு. அடிச்சுற்றில் பெயின்ட் உரிந்து, துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. மழைத்தண்ணீரும் மண்ணும் தங்குவது அங்கேதான். திருவான்மியூர் உப்புக்காற்று வேறு. விட்டிருந்தால் ஒருநாள் அந்த இடத்திலேயே முறிந்திருக்கும்.

எங்கள் வண்டியில் பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் இணைத்துக் குறுக்கே ஒரே பீம். அதனால் வேலை எளிது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, பீமுக்கு ஜாக்கி கொடுக்க வேண்டும். இரண்டு ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து வந்துவிடும்.

முன்பக்கத்தில் இப்படி முயலவே வேண்டாம். அங்கே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துவிடும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவும் வேண்டாம்.

மாற்றினால் இடம், வலம் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான்.

ஓட்டுகிறவனுக்கு இந்தத் தேய்மானம் அவ்வளவாகத் தெரியாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அதை வாங்கிக்கொண்டது பின்சீட்டில் இருந்த அம்மாவின் இடுப்பு. கேட்டால், "ரோடு அப்படிப்பா" என்பார். வீட்டில் எத்தனையோ பாரத்தை அம்மாக்கள் இப்படித்தான் பழியை வேறெதன் மீதோ போட்டுவிட்டுப் பேசாமல் தாங்குகிறார்கள்.

சாயங்காலம் அம்மாவை ஏற்றிக்கொண்டு எல்.பி. ரோடு முழுக்க ஒரு சுற்று போகிறோம். எப்படி இருக்கிறதென்று அவர்தான் சொல்ல வேண்டும்.