சூப்ராவை விற்ற கதை

1994 மாடல் டொயோட்டா சூப்ரா ஆர்.இசட். ஸ்போர்ட்ஸ் கார், ஜப்பானிலிருந்து இங்கிலாந்துக்கு இறக்குமதியானது. என்னிடம் 11 வருடம் இருந்தது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜின். இரண்டு டர்போவோடு (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) வந்த வண்டி. நான் அவற்றைக் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போ போட்டேன். அதற்கு ஏற்ப இன்ஜெக்டர், எரிபொருள் பம்ப், இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது), கிளட்ச், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) என்று எல்லாமே மாறின. டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் இயந்திரம்) 540 குதிரைத்திறன் காட்டியது. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு வண்டி பெரும்பாலும் கராஜிலேயே நின்றது. ஓடவேண்டிய வண்டியை அப்படி நிற்கவைக்க மனம் கேட்கவில்லை.

செலவழித்த பணத்தையெல்லாம் கூட்டித்தான் முதலில் விலை வைத்தேன். ஒரு வாரம் யாருமே கூப்பிடவில்லை. பார்க்க வந்த வியாபாரி ஒருவர், "இதே வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்திருந்தால் கூடுதலாகவே கொடுத்திருப்பேன்" என்றார். வலித்தது, ஆனால் அவர் சொன்னது சரி. மாற்றிய வண்டியை வாங்குபவர் இன்னொருவர் கைவேலையை நம்பி வாங்குகிறார். பார்க்க வந்த வேறொருவர் வண்டியைப் பிரித்து, கெட்ராக் கம்பெனியின் ஆறு கியர் பெட்டியைத் தனியாக, இன்ஜினைத் தனியாக விற்கலாம் என்றார். அதற்கு நான் ஒப்பவே இல்லை.

அப்புறம்தான் விளம்பரத்தை மாற்றி எழுதினேன். குதிரைத்திறனைக் கீழே தள்ளிவிட்டு, கராஜ் மூலையில் துணி சுற்றி மூன்று பெட்டிகளில் வைத்திருந்த பழைய டர்போ இரண்டு, பழைய இன்டர்கூலர், ஏர் பாக்ஸ் (காற்று வடிகட்டி இருக்கும் பெட்டி) எல்லாவற்றையும் படமெடுத்து மேலே போட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் பில், டைனோ தாள், டைமிங் பெல்ட் மாற்றிய தேதி. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மறுபடி பொருத்தி புதிதாக எம்.ஓ.டி. (இங்கிலாந்தின் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) எடுத்தேன், அது இல்லாமல் சோதனையில் தேறாது. மாற்றம் செய்கிறவர்கள் கழற்றிய பழைய சாமானைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். என் வண்டியை விற்றுக் கொடுத்ததே அந்த மூன்று பெட்டிகள்தான்.

ஒரு சிக்கல் எதிர்பாராமல் வந்தது. எம்.ஓ.டி. வரலாற்றை நம்பர் பிளேட்டைத் தட்டி யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஒரு வருடம் கிலோமீட்டரிலும் மறு வருடம் மைலிலும் பதிந்திருந்ததால், மீட்டரைக் குறைத்து வைத்த வண்டி போலத் தெரிந்தது. ஸ்பீடோமீட்டர் மாற்றிய பில்லைக் காட்டியபிறகே இரண்டு பேர் சமாதானமானார்கள்.

வாங்கியவர் வருமுன், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லியிருந்தார். வந்ததும் இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று பானெட்டில் கைவைத்துப் பார்த்தார். விஷயம் தெரிந்தவர் என்று அப்போதே புரிந்தது. கூட வந்த மெக்கானிக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தார். ஆறு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஓட்டிப் பார்க்க வாங்க வந்தவருடைய காப்பீடு இடம் தரவில்லை, அதனால் நான் ஓட்ட அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எண்ணெய் சூடாகும்வரை பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றவில்லை. திரும்பி வந்து, டர்போ ஆறட்டும் என்று, ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைத்தேன். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன் என்று பிறகு சொன்னார். பழைய இரட்டை டர்போவையே மறுபடி போடப் போகிறாராம். சட்டென்று மனம் சுருங்கியது. ஆனாலும் அந்த வண்டிக்கு இவர்தான் சரியான ஆள் என்று பட்டது.

பணம் என் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து வி5சி-யில் (வண்டியின் பதிவுச் சான்று) உள்ள 11 இலக்க எண்ணைப் போட்டு டி.வி.எல்.ஏ.-வுக்கு (வாகனப் பதிவு அலுவலகம்) இணையத்தில் தெரிவித்தேன். அதிலேயே புதியவருக்கென்று உள்ள பச்சைச் சீட்டை அவரிடம் கிழித்துக் கொடுத்தேன். சாலை வரி வண்டியோடு போகாது. மீதமிருந்த முழு மாதங்களுக்கான பணம் எனக்குத் திரும்பி வந்தது. அவர் புதிதாகக் கட்டித்தான் வண்டியை எடுத்தார்.

பூஸ்ட் கன்ட்ரோலரின் ஜப்பானிய மொழிக் கையேடு மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டது. மறுநாள் காலையில் தபாலில் அனுப்பிவைத்தேன்.