21-க்குப் பதில் 28 கேட்டார்கள்
2019 கனடா பொதுத்தேர்தல், அக்டோபர் 21 திங்கள். அன்று யூதர்களுக்கு ஷெமினி அட்செரெட் என்ற பண்டிகை. ஆசாரமாக இருப்பவர்கள் அன்று எழுத மாட்டார்கள், வண்டி ஏற மாட்டார்கள். வாக்குச்சீட்டில் பென்சிலால் குறி போடுவதும் எழுத்துதான்.

"முன்கூட்டியே போடலாமே" என்பது சுலபமான பதில். முன்கூட்டிய வாக்குப்பதிவு அக்டோபர் 11 முதல் 14 வரை, தினமும் 12 மணி நேரம். ஆனால் வெள்ளி சூரியன் மறைந்ததும் சபாத் என்ற வார ஓய்வு நாள், சனி முழுக்க அதுவே. ஞாயிறு மாலை சுக்கோத் பண்டிகை தொடங்கிவிடும், திங்களும் போச்சு. 48 மணி நேரத்தில் மிஞ்சியது இருபதுக்கும் குறைவு. தொகுதி அலுவலகத்தில் சிறப்பு வாக்குச்சீட்டு கேட்கக் கடைசி நாள் 15, அதுவும் பண்டிகை!

சட்டப்படி மாற்றுத் தேதி இரண்டே: மறுநாள் செவ்வாய் அல்லது அடுத்த வாரத் திங்கள். 22-ம் தேதி சிம்ஹாத் தோரா என்ற அடுத்த பண்டிகை என்பதால் ஆசாரமான யூதர்கள் சிலர் 28-ஐக் கேட்டார்கள். டொரன்டோவில் ஒரு யூத வேட்பாளரே வழக்குப் போட்டார். வாக்குப்பதிவு நாளில் அவரால் பிரசாரத்துக்கும் போக முடியாதே. ஜூலையில் தேதியை மறுபரிசீலனை செய்யச் சொன்னது கூட்டாட்சி நீதிமன்றம். தலைமைத் தேர்தல் அதிகாரி செய்தார், தேதியை மாற்றவில்லை. ஏற்பாடுகள் அவ்வளவு தூரம் போயிருந்தன. அந்தக் காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் யூத நாட்காட்டி கணக்கிட்டு வருவது, பிறை பார்த்து அல்ல. இந்த மோதல் பல வருடம் முன்பே தெரிந்திருக்கும்.