மார்ப்பதக்கம்: மூன்று வாரத்தில் ஆறு சென்டிமீட்டர்

வேதாகமத்தில் இஸ்ரவேலரின் தலைமை ஆசாரியராக (குருவாக) வரும் ஆரோன், கற்கள் பதித்த துணிப் பதக்கம் ஒன்றை மார்பில் அணிந்தார். அந்த மார்ப்பதக்கத்தை முழு அளவில் நெய்து பார்க்கும் ஆசையில் தறிச்சட்டம் அடித்தேன். வேதாகமத்தின் யாத்திராகமம் நூல், 28ஆம் அதிகாரம் தரும் அளவு எளிது: ஒரு சாணுக்கு ஒரு சாண், இரட்டையாக மடித்தது. என் சாண் 22 செ.மீ. ஆக, நெய்ய வேண்டிய நீளம் 44 செ.மீ.

முதல் தவறு கடையிலேயே நடந்தது. பழைய தமிழ் வேதாகமத்தில் 'மெல்லிய பஞ்சுநூல்' என்றிருந்ததால் பருத்தி வாங்கிவிட்டேன். எபிரேய மூலத்தில் இருப்பது ஆளிச்செடி நாரில் நூற்ற லினன். பருத்தி தலையணை உறைக்குப் போனது. லினனோடு இளநீலம், இரத்தாம்பரம் (ஊதா), சிவப்பு ஆகிய மூன்று நிறங்களில் கம்பளி நூல் எடுத்தேன். கம்பளியும் லினனும் கலந்த ஆடை மற்ற இஸ்ரவேலருக்கு விலக்கப்பட்டது. ஆசாரிய உடையிலோ அந்தக் கலப்புதான் அடிப்படை.

நூல் கணக்கை யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதிலிருந்து எடுத்துக்கொண்டேன். நான்கு வகை நூலிலும் ஆறாறு இழை, ஒவ்வோர் ஆறோடும் ஒரு பொன்னிழை, மொத்தம் 28. பொன்னைத் தகடாக அடித்து இழையாக நறுக்கியதாக யாத்திராகமம் 39ஆம் அதிகாரம் சொல்கிறது. நான் பித்தளைத் தகட்டைக் கத்தரியால் நறுக்கினேன். ஒரு மீட்டர் தேறுவதற்குள் கட்டைவிரலில் இரண்டு வெட்டு.

28 இழையையும் ஒன்றாக முறுக்கியபோது கம்பளி இழுபட்டு நீண்டது, பித்தளை பொட்டென்று அறுந்தது. நான்கு முறை இதே கதை. பிறகுதான் கணக்கிலேயே வழி இருப்பது உறைத்தது. ஏழேழாக வலப்பக்கம் முறுக்கி, அந்த நான்கு புரிகளையும் சேர்த்து இடப்பக்கம் முறுக்கினேன். எதிர் முறுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது. கையை எடுத்தாலும் பிரியவில்லை. அன்று இரவு வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கயிற்றைக் காட்டினேன். யாரும் பெரிதாக வியக்கவில்லை.

கயிறு 3 மி.மீ. தடிமன். 44 செ.மீ. துணிக்குச் சுமார் 147 ஊடை (குறுக்கு நூல்) வரிசை, அதாவது 32 மீட்டர் கயிறு. அதற்கு ஏறக்குறைய 900 மீட்டர் இழை வேண்டும்; அதில் பித்தளை மட்டும் 128 மீட்டர். கத்தரியை வைத்துவிட்டு ஜரிகை வாங்கிவிட்டேன். ஜரிகைக்குள் உள்நூல் உண்டு, வெறும் தகட்டிழைக்கு இல்லை; ஏமாற்று வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

பதக்கத்தில் பதிக்க வேண்டிய பன்னிரண்டு கற்களுக்குக் கண்ணாடி போதும். அதைக் கட்டும் நீல நாடாவும் வளையங்களும் பிறகு.

இதுவரை 20 வரிசை முடிந்திருக்கிறது. நெய்தது அட்டை போல விறைப்பாக நிற்கிறது. இதை நடுவில் எப்படி மடிப்பது என்பதுதான் இப்போதைய கவலை.