போரிஸ் மன்னரின் கேள்விகள்

இன்று பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்தபோது ஒரு கேள்வியில் கண் நின்றுவிட்டது: கால்சட்டை அணியலாமா?

கேட்டவர், அப்போதுதான் ஞானஸ்நானம் பெற்றிருந்த பல்கேரிய மன்னர் போரிஸ். ஆண்டு 866. அவர் அனுப்பிய கேள்விகளுக்குப் போப்பாண்டவர் முதலாம் நிக்கோலஸ் 106 பதில்கள் அனுப்பினார். கால்சட்டை அணிந்தாலும் அணியாவிட்டாலும் மீட்புக்குத் தடையில்லை என்றார்.

இன்னொரு பதில்தான் என்னை உலுக்கியது.

திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டவனைத் தலையில் அடித்து, இரும்பு முனையால் குத்தி உண்மையைக் கறக்கும் வழக்கம் அங்கே இருந்தது. கடவுளின் சட்டமும் மனிதச் சட்டமும் இதை ஏற்காது, குற்ற ஒப்புதல் தானாக வரவேண்டும் என்று எழுதினார் நிக்கோலஸ்.

ஒன்பதாம் நூற்றாண்டில்!

இவ்வளவு பொறுமையாகப் பதில் சொன்ன ரோம், போப்பின் தூதராகப் பல்கேரியா வந்திருந்த ஆயர் ஃபார்மோசஸை, போரிஸ் விரும்பிக் கேட்டும், பேராயராக அனுப்ப மட்டும் மறுத்தது. 870-இல் பல்கேரியத் திருச்சபை கிழக்குத் திருச்சபையின் தலைமையிடமான கான்ஸ்டாண்டிநோப்பிள் பக்கம் போய்விட்டது.

அந்த ஒருவரை அனுப்பியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.