ஐந்தாம் இலக்க மெற்றோவும் பாரிஸின் பூங்காக்களும்

பாரிஸுக்கு வந்து சேர்கிறவர்களுக்கு முதல் வருடங்களில் வாய்ப்பது பெரும்பாலும் ஓர் அறையும் அதன் மூலையில் ஒரு குசினியும்தான். பிள்ளை நாலடி ஓடினால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். ஊரில் முற்றம் செய்த வேலையை இங்கே பூங்காதான் செய்ய வேண்டும். பெயர் பெற்ற பூங்காக்களைத் தேடி நகரின் மறுமுனைக்கு அலைவதைவிட, பழகிய மெற்றோப் பாதையிலிருந்து தொடங்குவது நல்லது. லா சப்பலிலுள்ள தமிழ்க் கடைகளுக்குப் போய்வருகிறவர்களுக்கு கார் து நோர் ரயில் நிலையம் தெரியாத இடமல்ல. அங்கே ஐந்தாம் இலக்க மெற்றோவில் ஏறினால், வண்டி மாறாமலே மூன்று நல்ல பூங்காக்களுக்குப் போகலாம்.

பொபினி போகும் பக்கம் ஏறினால் மூன்றாவது தரிப்பு லோமியேர். வெளியே வந்து மரங்கள் வரிசையாக நிற்கும் அகன்ற வீதியில் மேல்நோக்கி நடந்தால், வட்டார நகரசபைக் கட்டடத்துக்கு எதிரே பூத் சோமோன் பூங்காவின் வாசல். ஏறக்குறைய 25 ஹெக்டேயர். ஜிப்சம் வெட்டியெடுத்த பழைய கற்குழிகளைத் திருத்தி, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் 1867 இல் திறந்தார்கள். குழியின் மிச்சப் பாறைதான் ஏரி நடுவே தீவாக நிற்கிறது. உச்சியில் சின்னக் கோயில் போன்ற ஒரு மண்டபம். அங்கே போக ஒரு தொங்குபாலம். பாறைக்குள் ஒரு குகை, அதற்குள் விழும் அருவி. எல்லாம் மனிதர் கைபட்டு உருவானவை என்று சொன்னால் நம்பக் கஷ்டம்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். நிலம் செங்குத்து, குழந்தை வண்டியோடு வருகிறவர்கள் படிகளை விட்டு அகலமான வளைபாதையைப் பிடிக்க வேண்டும். அடுத்து, ஜிப்சம் நீரில் கரையும் கல். அதனால் நிலம் அசைகிறது, சில பாதைகளும் பாறைப் பகுதிகளும் அவ்வப்போது வேலியிட்டு மூடப்படுகின்றன. வேலியைத் தாண்டிப் படம் எடுக்கப் போகிறவர்கள் அடியில் இருப்பது எந்தக் கல் என்று தெரியாமல்தான் போகிறார்கள்.

இன்னும் இரண்டு தரிப்பு போனால் போர்த் து பந்தன். லா விலெத் பூங்கா அங்கே தொடங்குகிறது. 1974 வரை இறைச்சிக்கு மாடு வெட்டும் பெருங்களம். இப்போது 55 ஹெக்டேயர் திறந்த வெளி. குடும்பமாகப் போக இதைவிட வசதியான இடம் நகருக்குள் இல்லை. சுற்று வேலி கிடையாது, புல்லில் தாராளமாக இருக்கலாம், பந்து விளையாடலாம், ஊர்க் (Ourcq) என்ற கால்வாய் நடுவால் ஓடுகிறது. தனித் தனியாக அடைத்த சிறு தோட்டங்களுக்கு மட்டும் நேரக்கட்டுப்பாடு உண்டு. அவற்றில் மூங்கில் தோட்டம் தரைமட்டத்துக்குச் சில மீற்றர் கீழே இருப்பதால் காற்று அடிக்காது. பங்குனிக் குளிரிலும் கொஞ்சம் நேரம் இருக்க முடியும்.

மறுபக்கம், பிளாஸ் திட்டாலி போகும் வண்டி, சேன் நதியைப் பாலத்தில் கடந்து ஓஸ்டர்லிட்ஸ் நிலையத்தில் நிற்கும். ஜார்தன் தே பிளான்த் அதன் அருகில். பதின்மூன்றாம் லூயி காலத்தில், 1635 இல், அரசரின் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது. தோட்டத்துக்குள் போகக் காசு இல்லை. கண்ணாடி வீடுகளுக்கும் மிருகக்காட்சிக்கும் ரிக்கெற் வேண்டும். தை மாதத்தில் உடம்பு வெக்கையைத் தேடும்போது வெப்பமண்டலக் கண்ணாடி வீட்டுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. ஆனால் உள்ளே போனதும் மூக்குக்கண்ணாடியும் கமெராவும் பனித்துவிடும், தடித்த ஜக்கெற்றைக் கழற்றிக் கையில் வைத்திருக்க வேண்டும். வெளியே 1734 இல் நட்ட லெபனான் தேவதாரு இன்னும் நிற்கிறது. வசந்தத்தில் வெள்ளைப்பூச் செரி மரம் குடை விரித்ததுபோல் தரைவரை தாழும்; பங்குனிக் கடைசியில் கூட்டம் முழுக்க அதன் கீழ்தான். இங்குள்ள காகங்கள் சிலவற்றின் காலில் எண் பொறித்த வண்ண வளையம் இருக்கும், ஆய்வுக்காகப் போட்டது. அமாவாசைச் சோற்றை அவற்றுக்கு வைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்: பொது இடத்தில் பறவைகளுக்கு உணவு போடுவது தடை. சாமிக்கென்று பாத்தியில் பூப் பறிப்பதும் அப்படியே.

லுக்சம்பூர் தோட்டம் வேறு மாதிரி. கார் து நோரிலிருந்து ஆர்.ஈ.ஆர் என்ற புறநகர் ரயிலின் பி வழியில் மூன்றாவது நிறுத்தம். இது மாநகராட்சியுடையதல்ல, செனற் சபையுடையது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் புல்லில் அதிகம் இருக்க விடமாட்டார்கள். பச்சை இரும்புக் கதிரைகள்தான் அங்கே ஆசனம். காசு இல்லை, விரும்பிய நிழலுக்குத் தூக்கிப் போகலாம். சாய்ந்த முதுகுள்ளது கிடைக்க வேண்டுமென்றால் காலையிலேயே போக வேண்டும்.

பொது விதிகளில் புதியவர்களை அதிகம் குழப்புவது புல்தான். மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் ஐப்பசி நடுவிலிருந்து சித்திரை நடுவரை "பெலூஸ் ஓ ரெப்போ" என்ற பலகை தொங்கும்: புல்லுக்கு ஓய்வு. ஈர மண்ணை மிதித்தால் இறுகிவிடும், குளிரில் புல் வளராததால் வெறுந்தரையாகிவிடும். பலகையைக் கண்டால் வாங்கிலில் இருக்க வேண்டியதுதான். மூடும் நேரம் பகல் வெளிச்சத்தோடு மாறும். மார்கழியில் ஐந்து மணியை ஒட்டியே காவலர் விசில் ஊதுவார், கோடையில் இரவு ஒன்பது தாண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் பட்டப்பகலிலும் பூட்டுவார்கள். மரம் விழும் என்பதால். மாறாக, கடும் வெக்கை அலையில் சில பூங்காக்களை இரவிலும் திறந்து விடுவார்கள்.

கரி அடுப்பு கொண்டுபோய் கோழி சுடுவதை மறந்துவிடுங்கள். நகரத்துப் பூங்காக்களிலும் வன்சேன், பூலோன் என்ற இரண்டு காடுகளிலும் நெருப்பு மூட்டத் தடை. 2025 ஆனிக் கடைசியிலிருந்து பூங்காக்களில் புகைப்பதும் தடை. தண்டம் 135 யூரோ. வீட்டில் கட்டிய சோற்றுப் பார்சல் போதும். குடிதண்ணீர் கரும்பச்சை வாலஸ் குழாய்களில் இலவசம். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க அவற்றைப் பூட்டுவதால் அப்போது போத்தல் தேவை.

ஐப்பசியில் நடைபாதையெங்கும் பளபளவென்று கொட்டிக் கிடக்கும் கொட்டைகள் பெரும்பாலும் மரோனியே மரத்துடையவை. அவற்றைத் தின்னக்கூடாது, நஞ்சு. தின்னக்கூடிய கஸ்டான் (chestnut) கொட்டையை மேலோட்டால் அறியலாம்: முள் ஊசிபோல் மெல்லியதாக, நெருக்கமாக இருக்கும்; உள்ளே இரண்டு மூன்று கொட்டை, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு குடுமி. நஞ்சுக் காயில் முள் தடிப்பாக, ஐதாக இருக்கும். நுனியில் குடுமி இராது.

நாள் முழுக்க நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வன்சேன் காடு, 995 ஹெக்டேயர். எட்டாம் இலக்க மெற்றோவில் போர்த் டோறேயில் இறங்கினால் ஏரிக்கரை. கரையோரம் 1931 குடியேற்றநாடுகள் கண்காட்சிக் காலத்துக் கட்டடமொன்று இப்போது பௌத்த ஆலயமாக இருக்கிறது. புதர் ஓரங்களில் உண்ணி உண்டு. நீளக் காற்சட்டை போட்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் காதுக்குப் பின்புறம் பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெயோ ஸ்பிரிற்றோ பூசக்கூடாது. மருந்துக்கடையில் விற்கும் சிறு கொக்கியால் உண்ணியைத் தோலோடு ஒட்டினாற்போல் பிடித்து, திருகியபடி எடுக்க வேண்டும். பிறகு ஒரு மாதம்வரை அந்த இடத்தைப் பார்த்து, சிவப்பு வளையம் பரவினால் வைத்தியரிடம் கடித்த திகதியையும் சொல்லுங்கள்.