நோட்டில் நின்றுபோன கோல் கணக்கு

என்னிடம் எண்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து என் தங்கை மகன் ஆடிய ஹாக்கி ஆட்டங்களில் நான் நேரில் பார்த்தவற்றை மட்டும் அதில் குறித்து வருகிறேன். முதல் முப்பது பக்கங்களில் தேதி, எதிரணி, அவன் போட்ட கோல் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு மூன்றாவது கட்டத்தைக் காணோம். வளர்ந்து வரும் ஓர் ஆட்டக்காரனைக் கவனித்து வருகிறவர்கள், பெற்றவர்கள் உட்பட, பெரும்பாலும் பார்க்க வேண்டாத இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தக் கட்டத்தை நான் நிறுத்திய நாளில்தான் எனக்கு உறைத்தது.

தங்கை என்றால் கூடப் பிறந்தவள் அல்லள், சித்தி மகள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, அது ஆபீஸ்தான். கோவில்பட்டி 1986-இல் புதிய மாவட்டம் பிரியும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இப்போது தூத்துக்குடி மாவட்டம். ஆனாலும் பாளையங்கோட்டையில் இருக்கும் எனக்கு அது இன்னும் நம்ம ஊர்தான். கயத்தாறு தாண்டிக் காற்றாலைகள் பின்னால் போனதும், கரிசல் நிலத்துக்கு நடுவே, தெருவுக்குத் தெரு ஹாக்கி மட்டையுடன் பிள்ளைகள் நடமாடும் ஓர் ஊர் வருகிறது என்பதை வேறு மாவட்டத்து நண்பர்கள் நேரில் பார்க்கும்வரை நம்புவதில்லை. கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. ஹாக்கிக்கு அப்படிக் கொடுக்கும் வழக்கம் இருந்திருந்தால் அதையும் இந்த ஊரே வாங்கியிருக்கும்.

அந்த 2022 மே மாதத்தை மறக்க முடியாது. இளையோருக்கான தேசிய ஹாக்கிப் போட்டி கோவில்பட்டியில் நடந்துகொண்டிருந்தது. அதே நாள்களில், இதே ஊர் விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் மாரீஸ்வரன் சக்திவேலும் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். பாகிஸ்தானுடனான முதல் ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலைக் கார்த்தி அடித்தார். தொடரின் முடிவில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. அப்போது பதினான்கு வயதான மருமகன் மைதானத்துக் கம்பிவேலியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு மூன்று நாள் பகல் முழுவதும் நின்றான். நான் நோட்டு வாங்கியது அந்த வாரம்தான். வாங்கியவுடனே கோலுக்கு ஒரு கட்டம் போட்டேன் என்றால், அதற்கு ஜகார்த்தாவும் ஒரு காரணம்.

அவன் அப்போது முன்கள ஆட்டக்காரன். பள்ளி அளவில் கோல் கொட்டியது. ஒரே ஆட்டத்தில் ஐந்து போட்ட பக்கமும் நோட்டில் இருக்கிறது. அவன் அதுவரை ஆடியது சரளைத் தரையில். அந்தத் தரையில் பந்து எங்கே துள்ளும் என்பது பந்துக்கே தெரியாது. தடுப்பவன் தடுமாறும் கணத்தில் பாய்ந்து பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுபவனுக்கு அங்கே கோல் விழும். செயற்கைப் புல்தரைக்கு ஏறியதும் கதை மாறியது. தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு வரும். எதிரணித் தடுப்பாளன் தடுமாறுவதில்லை. வேகம் மட்டும் போதாமற்போயிற்று. பந்து மட்டைக்கு வந்து சேரும் அந்த முதல் தொடுதலில் அது அரை அடி விலகினாலும் அடுத்தவன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். முதல் ஆறு மாதம் இவன் பந்தை நிறுத்துவதற்குள் பந்து போய்விடும். முழங்காலில் டர்ஃப் தேய்த்த காயம் ஆறுவதற்குள் அடுத்தது வரும். நோட்டில் பூஜ்யங்களாக எழுதிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் 2023-இல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பதினாறு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் மாநில அணித் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். வயதுச் சான்று விஷயத்தில் ஹாக்கியில் கெடுபிடி அதிகம், இருக்கவும் வேண்டும். இவனுடைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றாகக் கிடக்கிறது. பிள்ளை பிறந்தவுடன் பெயர் வைக்காமல் பதிவு செய்துவிட்டு, பின்னர் பெயர் சேர்க்கும் வேலையைக் குடும்பத்தில் யாரும் செய்யவில்லை. தவறு எங்களுடையது. ஆனால் அதைச் சரிசெய்யப் போன அலுவலகத்தில் இன்று வா, நாளை வா என்று பதினேழு நாள் அலையவிட்டார்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்று தேர்வு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த வயதுப் பிரிவில் அவனுக்கு அதற்குமேல் வாய்ப்பு இல்லை. பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர் மட்டை வாங்கும் முன் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு ஒரு நாள் பயிற்சியாளர் அவனை முன்களத்திலிருந்து எடுத்து வலது பின்களத்தில் நிறுத்தினார். யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. தங்கை எனக்குத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, பிள்ளையைப் பின்னால கொண்டுபோய் நிறுத்திட்டாவளாம்" என்று அழாத குறையாகச் சொன்னாள். எங்கள் வீடுகளில் பின்னால் நிறுத்துவது என்றால் ஒதுக்கிவைப்பதுதான். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடித்துப் போய் மைதானத்தில் அவரிடம் நியாயம் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, இன்னைக்கு அவனைப் பார்க்காதீங்க. பந்து அவன்கிட்ட இல்லாதப்போ அவன் எங்க நிக்கிறான்னு மட்டும் பாருங்க" என்றார். ஆட்டம் பதினைந்து நிமிடக் கால்பகுதிகளாக நான்கு. முதல் கால்பகுதியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனெனில் கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடிவிடுகிறது. இரண்டாவதில் வீம்பாக அவனை மட்டும் பார்த்தேன். எதிரணி இடது ஓரத்தில் பந்தை எடுக்கும்போதே இவன் நடுவை நோக்கி நான்கு அடி நகர்கிறான். சக ஆட்டக்காரனுக்கு இன்னும் கடத்தப்படாத ஒரு பந்து வரக்கூடிய வழியை மறித்து நிற்கிறான். அதனால் அந்தப் பந்து அங்கே கடத்தப்படாமலேயே போகிறது. ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். நடக்காதபடி அவன் செய்திருக்கிறான். முன்களத்தில் இருந்தபோது தடுப்பாளர்களை ஏமாற்றப் பழகியவனுக்கு, தன்னை எப்படி ஏமாற்ற வருவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஐந்து கோல் போட்ட அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாதது பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்கிறது. அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது நோட்டில் மூன்றாவது கட்டத்தை அடித்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் முதல் தொடுதலில் நின்ற பந்து எத்தனை, விலகியது எத்தனை, வழிமறித்து எடுத்தது எத்தனை என்று எழுதுகிறேன்.

எல்லாவற்றையும்விட அவனை அடுத்த நிலைக்கு ஏற்றியது பெனால்டி கார்னர்தான், அதாவது கோலருகே தடுக்கும் அணி விதி மீறினால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்புதான், என்பது என் கணிப்பு. தடுக்கும் அணியில் கோல்காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்ட கணத்தில் ஒருவன் கோல் கம்பத்தருகிலிருந்து கிளம்பி, டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் இழுத்து வீசுவது) அடிக்கப் போகிறவனை நோக்கி நேராக ஓட வேண்டும். கோலுக்கு முன்னால் வளைவாகக் கோடு போட்ட பகுதியான டி-யின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீட்டர். இருப்பது இரண்டு வினாடிக்கும் குறைவு. பெரிய ஆட்டக்காரர்களின் ஃபிளிக் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். பந்தோ கல்லைப் போன்றது, எடை 156 முதல் 163 கிராம். அதை நோக்கி ஓடுவதற்கு ஒரு பிள்ளை வேண்டும். எங்கள் பிள்ளை தானாகக் கையைத் தூக்கியிருக்கிறான்.

ஒரு காலையில் பயிற்சியைக் கிட்டே நின்று பார்த்தேன். முகத்தில் கம்பிக் கவசம், முழங்காலில் உறை, இடது கையில் தடித்த கையுறை. மட்டையைத் தரையோடு தரையாகச் சாய்த்து, குனிந்த நிலையிலேயே கிளம்புகிறான். நேர்க்கோட்டில் ஓடுவதாக நான் நினைத்தேன், அப்படி இல்லை. ஃபிளிக் அடிப்பவனின் வலப்பக்கம் கொஞ்சம் விலகி ஓடி, ஒரு பக்கத்து வாசலை அடைத்துவிட்டு, மறுபக்கத்தைக் கோல்காப்பாளருக்கு விட்டுக்கொடுக்கிறான். முப்பது முறை ஓடினான். நான்கு பந்து உடம்பில் பட்டது. ஒன்று தொடையில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இதைத் தங்கையிடம் சொல்லவில்லை. (அவள் இதைப் படிப்பாள் என்பது எழுதிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது. படித்தால் படிக்கட்டும்.)

ஆனி, ஆடி மாதங்களில் இன்னொரு பாடம் நடக்கும். பின்களத்துக்காரன் தலைக்கு மேலாகத் தூக்கிப்போடும் பந்தை எங்கள் ஊர்க் காற்று சும்மா விடாது. ஐம்பது மீட்டர் போக வேண்டியது முப்பதிலேயே செங்குத்தாக இறங்கும், அல்லது கோட்டுக்கு வெளியே போகும். அந்தக் காற்றில் தூக்கிப் பழகியவனுக்கு வேறு ஊரில் தூக்குவது விளையாட்டு. கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு இயற்கையே கொடுத்த சலுகை என்று இதைச் சொல்வேன்.

சென்ற ஆண்டு இறுதியில் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது இருவருமாக ஒரு நாள் மதுரைக்குப் போனோம். நான் பந்தைப் பார்த்தேன். அவன் கையில் இருந்த கடலை மிட்டாயைக் கூடக் கடிக்காமல் ஒரு பின்களத்துக்காரனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, பந்து போட்ட பெறவு அவன் ஒரு தரங்கூட நிக்கல பாத்தேளா? போட்டுட்டு உடனே பின்னால வந்துருதான்" என்றான். அத்தனை வெளிச்சத்திலும் கூட்டத்திலும் அவனுக்குக் கிடைத்தது அந்த ஒன்று. அந்தத் தொடரில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்ததைப் பற்றி ஊரில் ஒரு வாரம் பேசினார்கள். இவன் மறுநாள் காலையிலிருந்து பந்து போட்டவுடன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

இனி, தொழில்முறை ஆட்டம். ஏழாண்டு இடைவெளிக்குப் பின் 2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் திரும்ப வந்ததிலிருந்து உறவுக்காரர்கள் எல்லாரும் ஏலத்தைப் பற்றியே கேட்கிறார்கள். தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி இருப்பதால் கேள்வி கூடிவிட்டது. 2024-இல் நடந்த அந்த ஏலத்தில் அடிப்படை விலை இரண்டு, ஐந்து, பத்து லட்சம் என்று மூன்று படிகள். அணிக்கு 24 பேர். அவர்களில் எட்டுப் பேர் வெளிநாட்டவர். இந்தியர்களில் நான்கு பேராவது இளையோராக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள். ஆக, விதி உறுதி செய்த இளையோர் இடங்கள் நாடு முழுவதற்கும் 32. பஞ்சாபிலும் ஒடிசாவிலும் எத்தனை பிள்ளைகள் அந்த 32-க்காகக் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், ஏலத்தை நம்பிப் படிப்பை விடுவது அறிவான காரியம் அன்று.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏணியின் அடுத்த படி வேறு. ரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனம், வரித்துறை என்று நிறுவன அணிகள் இருக்கின்றன; முதலில் உதவித்தொகையில் எடுத்துக்கொண்டு, ஆட்டம் நிலைத்தால் வேலை கொடுப்பார்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் அப்படிப்பட்ட அணிகளில் ஆடும் முப்பது வயதுக்காரர்களுக்கு எதிராக ஓர் ஆட்டத்தைத் தாக்குப்பிடிப்பதுதான், என் பார்வையில், ஒருவன் தொழில்முறைக்குத் தயார் என்பதற்கான உண்மையான அடையாளம். அவர்கள் ஓட மாட்டார்கள். ஆனால் பந்து அவர்களிடமிருந்து பிரியாது.

அப்படியோர் அணியிலிருந்து மூன்று நாள் தேர்வுக்குச் சென்ற வாரம் அழைப்பு வந்தது. எந்த நிறுவனம் என்பதை இப்போது எழுதுவது முறையாகாது. நெல்லை எக்ஸ்பிரஸில் கோவில்பட்டியில் ஏறினான். நான் திருநெல்வேலியிலிருந்தே அதே பெட்டியில் வந்திருந்தேன். மட்டைப் பையில் இரண்டு மட்டை; ஒன்று பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து மூன்று பேர் சேர்ந்து வாங்கித் தந்தது. சான்றிதழ் நகல்கள் ஆறு, பிளாஸ்டிக் உறைக்குள். தங்கை ஜன்னல் வழியாகப் புளிச்சாதப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "முகத்துல மாட்டுறது எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டாள். அவனைவிட நான்தான் திகைத்துப்போனேன்.

மூன்று நாளில் அவன் 41 பந்துகளை முதல் தொடுதலில் நிறுத்தினான், ஆறு விலகின. பெனால்டி கார்னருக்கு ஒன்பது முறை ஓடினான். இரண்டு உள்ளே போயின. அந்த இரண்டிலும் அவன் ஓடிய பக்கம் அடைபட்டே இருந்தது. முடிவைக் கடிதத்தில் தெரிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும் இன்றுவரை தபால் வரவில்லை.