அஞ்சாவது மாடியா, தான்லியினா?

ரங்கூன் டவுன்ல எங்க வீடு அஞ்சாவது மாடி, லிப்ட் கிடையாது, பால்கனியில தொங்குற கயித்துல பேப்பரும் காய்கறியும் கட்டி மேல இழுத்தே முப்பது வருஷம் ஓடிருச்சு. இப்ப கரண்ட் போனா மோட்டார் ஓடாது, தண்ணி ஏறாது, எங்க வீட்டுக்காரருக்கு வேற முழங்கால் வலி, மூணாவது மாடியில செவுத்தப் புடிச்சு நின்னு மூச்சு வாங்குறதப் பாக்கவே முடியல. டவுன்லயே கீழ்த்தளம் கேட்டோம், கடைக்கு ஆகும்னு விலையக் கூட்டிச் சொல்றாங்க. மகன் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற தான்லியின் ஊர்ல ஒரு வீடு பாத்திருக்கான், சின்னதுதான், ஆனா வாசல்ல முருங்கை மரம் நிக்குது. எனக்குக் கவலையெல்லாம் காளி கோயில்தான், 1871ல நம்ம ஆளுங்க கட்டுனது, வெள்ளிக்கிழமையானா நடந்தே போயிருவேன், அங்கிருந்துன்னா பாகோ ஆத்துப் பாலம் தாண்டி பஸ்ல வரணுமே. முதல்ல ரெண்டு மாசம் வாடகைக்கு இருந்து பாப்போம், அதுவரைக்கும் இந்த வீட்டை விக்கவேண்டாம்னு சொல்லிட்டேன்.